கூதிரும் பேய்களின் இரவும்

இன்றைய பொழிவின் பொருள் சற்றே விளையாட்டானது. ஆயினும் அதனடியில் ஒரு பழந்தமிழ்ச் சொல்லின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கின்றன.

1930ஆம் ஆண்டு மே மாதம் எல்லன் சர்ச் என்னும் அமெரிக்கச் செவிலியர், உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக வானேறினார். நடுங்கும் பயணிகளைத் தேற்றுவதற்குச் செவிலியரே ஏற்றவர் என்று அன்று கருதப்பட்டது. வானில் பணிபுரிவோர் பருவத்தை மரங்களைப் பார்த்து அறிய இயலாது. பயணிகளின் உடையைப் பார்த்தே அறிய வேண்டும். தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டுகள் கம்பளி அங்கிகளால் பிதுங்கி, மூட மறுத்தால், வடபுலத்தில் இலையுதிர்காலம் வந்துவிட்டது என்பது பொருள்!

தேனி மாவட்டத்துப் பெண் ஒருவர் இப்பணியில் இருப்பதாகக் கொள்வோம். அக்டோபர் 31ஆம் நாள் மாலை அவர் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறார். வீட்டு வாயில்தோறும் கண்ணும் பல்லும் குடைந்த பரங்கிக்காய்கள், அவற்றுள் விளக்குகள். பேய்வேடமிட்ட சிறார் வீடுவீடாகச் சென்று மிட்டாய் கேட்கின்றனர். அன்றிரவே அவர் பசிபிக் கடலைக் கடந்து சிங்கப்பூரில் இறங்கும்போது, தேதிக்கோட்டின் திருவிளையாடலால் நவம்பர் 2 பிறந்திருக்கும். இடைப்பட்ட நவம்பர் 1, கிறித்தவர்கள் புனிதர் அனைவரையும் நினைவுகூரும் நாள். அது அவருக்கு வானிலேயே கரைந்துவிடுகிறது. பேய்களையும் இறந்தோரையும் சந்தித்து, இடையிலுள்ள புனிதர்களை மட்டும் தவறவிடும் பேறு பிற தொழிலார்க்கு எளிதில் வாய்க்காது.

அந்த நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகுதி. அந்நாளில் கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூச்சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஐப்பசித் தூறல் வந்தால் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இங்கே எவரும் பேய்வேடம் இடுவதில்லை. எனினும் ஹாலோவீனும் இதுவும் ஒரே நினைவின் இரு கிளைகள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த பழங்குடியினர், அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் அவ்விரவில் இறந்தோர் உலகின் கதவு திறக்கும் என நம்பினர். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றும் வழக்கமும் அப்பகுதிகளில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்தியர்க்குப் பரங்கிக்காய் கிடைத்தது. கிழங்கைக் குடைந்து கை வலித்தவர்க்கு அது பெரும் விடுதலையாக இருந்திருக்கும்.

இவற்றையெல்லாம் பிறர் பைத்தியம் என்று நகைப்பவர், தம் தெருவைச் சற்றே நோக்குதல் நலம். புதுவீட்டின் முகப்பில், உருட்டிய விழியும் கோரைப்பல்லும் தீட்டிய சாம்பல் பூசணி தொங்குவதைக் காணாத தமிழர் உளரோ? அக்டோபரையொட்டியே வரும் ஆயுதபூசையன்று பூசணியைப் பிளந்து, குங்குமம் தடவி, காசிட்டு, முச்சந்தியில் உடைக்கிறோம். அமெரிக்கப் பரங்கிக்காய் பேயை விரட்டுவதோடு அமைந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பூசணியோ மறுநாள் இருசக்கர வண்டிக்காரரையும் சறுக்கி வீழ்த்துகிறது. எது கொடிய பேய் என்பதை அவையோரே தீர்ப்பார்களாக.

புரட்டாசியில் மகாளய அமாவாசை வருகிறது. அன்று சுருளி அருவியில் நீராடி முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைப்போர் பலர். ஆகவே, ஆண்டின் இந்தப் பகுதியை இறந்தோர்க்கென ஒதுக்கும் வழக்கம் இரு புலத்தும் உண்டு. வேறுபாடு மரங்களில்தான் இருக்கிறது. அங்கே இலை உதிர்கிறது, இங்கே துளிர்க்கிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெரிதும் தடுத்துவிடுவதால் இப்பள்ளத்தாக்கு வடகிழக்கு மழையை எதிர்நோக்கி நிற்கிறது. அக்டோபரில் அது பெய்ததும் மலையடிவாரம் பசுமை கொள்கிறது. இங்குள்ள காட்டுமரங்கள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனி வறட்சியில். திராட்சைக் கொடியோ அப்போதும் தானாக உதிர்ப்பதில்லை. ஐரோப்பாவில் கொடியை உறங்கவைப்பது குளிர். கம்பத்தில் அவ்வேலையைச் செய்வது உழவரின் கத்தரி. கவாத்து செய்த பந்தலில் மொட்டைக் கொடிகள் நிற்கும். சில நாட்களில் துளிர்விட்டு, ஏறத்தாழ நான்கு மாதத்தில் பன்னீர் திராட்சை பழுத்துவிடும். ஒரு தோட்டத்தில் உதிர்காலமும் அடுத்த தோட்டத்தில் அறுவடையுமாக, ஆண்டு முழுவதும் இது நடக்கிறது. இலையுதிர்காலத்தைத் தம் கையாலேயே வரவழைக்கும் இவ்வுழவர்க்கு வள்ளுவர் காலத்து உழவரும் வியந்து வழிவிடுவர்.

இத்தகைய நாட்டில், வெளியே அடைமழை பெய்துகொண்டிருக்கையில், அக்டோபரில் இலைகள் பொன்னிறமாகி உதிரும் என்று குழந்தைகள் மனனம் செய்கின்றனர். 'இலையுதிர்காலம்' அழகிய மொழிபெயர்ப்புத்தான். அதன்மீது குறை இல்லை. அது வந்து அமர்ந்த இருக்கையில் முன்பு வேறொருவர் இருந்தார் என்பதே வருத்தம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம். நக்கீரரின் நெடுநல்வாடை முழுவதும் இப்பருவத்துக் குளிரிலேயே நடக்கிறது. தொல்காப்பியர் கூதிரையும் யாமத்தையும் குறிஞ்சிக்கு உரிய பொழுதுகளாக வகுத்தார். மலை சூழ்ந்த இப்பள்ளத்தாக்குக்கு அதைவிடப் பொருந்தும் இலக்கணம் எது?

இங்கே ஒரு சுவையான முரண் புலப்படுகிறது. மேனாட்டார் இப்பருவத்து நள்ளிரவைப் பேய்களுக்குக் கொடுத்தனர். தமிழ்ப் புலவர்கள் காதலர்க்குக் கொடுத்தனர். அதற்காகப் பேய் அஞ்சி ஓடிவிடவில்லை. தலைவன் வரும் மலைவழியில் யானையும் பாம்பும் சூரும் உண்டு என்று தோழி நடுங்குகிறாள். இரவெல்லாம் விழித்து மெலிந்த மகளைக் கண்ட தாய், தெய்வம் தீண்டிவிட்டது என்று கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். ஆட்டுக்குட்டி வீணே பலியாகிறது. நோயின் காரணம் அறிந்தவர் மூவரே: தலைவி, தலைவன், தோழி. வேடமிட்டு ஏமாற்றும் ஹாலோவீன் சிறுவர்கூட இத்தனை நயமாகப் பெரியோரை ஏமாற்றியதில்லை.

கூதிர் ஏட்டில் உறைந்துவிட்டதோ எனில், முழுவதும் இல்லை. மதுரை, தேனிப் பக்கத்துப் பேச்சில் கூதல் என்றால் இன்றும் குளிர்தான். மழைக்காலத்து ஈரக்காற்று கூதக்காற்றுதான். விடுப்பில் ஊர் திரும்பும் அந்த விமானப் பணிப்பெண் இலையுதிர்காலம் என்று சொன்னால், திண்ணையில் அமர்ந்திருக்கும் அப்பத்தாவுக்கு விளங்குவது ஐயமே. அவர் சொல்லப்போவது வேறு: "கூதக்காத்து அடிக்குது தாயி, தலையில துண்டப் போட்டுக்கிட்டு உள்ள வா."