பக்கவாதமும் பறிபோகும் பேச்சும்



மொழி மன்றத்தின் மேடையில் பக்கவாதத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். அந்நோய் தாக்கியவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பேச்சிழப்புக்கு ஆளாகின்றனர். கை கால் மட்டுமன்றி மொழியும் பறிபோவதால், இது நமக்கும் உரிய பொருளே.

பக்கவாதம் இருவகைப்படும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. முன்னதே மிகுதி, பின்னதிலோ தொடக்க நாள்களில் உயிரிழப்பு மிகுதி.

ஒருவர் பிழைப்பதையும் தேறுவதையும் தீர்மானிக்கும் காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, மாற்ற இயலாதவை. முதுமையும், தாக்குதலின் கடுமையும், மூளையில் அது நிகழ்ந்த இடமும் இவற்றுள் அடங்கும்.

இரண்டாவது, முன்பே உடலில் குடிகொண்டவை. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றை நாம் அறிவோம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பதைப் பலர் அறியார். அங்குத் தேங்கும் இரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குச் சென்றால், விளையும் அடைப்பு பெரும்பாலும் கடுமையானதாகவே இருக்கும். இவை மீண்டும் ஒரு தாக்குதலை வரவழைக்கவும் வல்லவை. எனினும் மருந்தாலும் ஒழுக்கத்தாலும் கட்டுக்குள் வைக்கத்தக்கவை.

மூன்றாவது, நோய் தாக்கிய பின்னும் நம் கையில் இருப்பவை. அவற்றுள் தலையாயது காலம். உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினால் பலருடைய முடக்கம் குறைகிறது என்பதை 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பின்னர் அவ்வெல்லை நான்கரை மணி நேரமாக நீண்டது. நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்தே மருத்துவர் இதைக் கணக்கிடுவர். ஆதலின், கடிகாரத்தைப் பார்த்து அந்நேரத்தைச் சொல்லும் ஒரு மாணவனும் உயிர்காக்கும் பணியில் பங்கேற்கிறான்.

மற்றொன்று, விழுங்கும் திறன். பரிவோடு ஊட்டும் ஒரு மடக்குக் காப்பி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். மருத்துவமனையில் சோதித்துப் பார்க்கும்வரை நீரும் தருதல் ஆகாது. மனச்சோர்வும் மீட்சியைத் தடுக்கும். பேச முடியாதவரின் சோர்வை எவரும் எளிதில் உணர்வதில்லை.

இங்குத்தான் மொழி நுழைகிறது. பேச்சிழப்புக்கும் மூளையின் முன்பகுதிக்கும் உள்ள தொடர்பை பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா 1861இல் எடுத்துக்காட்டினார். பன்மொழி அறிந்தவர்களை ஆராய்ந்த பித்ரே, நன்கு பழகிய மொழியே முதலில் மீள்கிறது என்று 1895இல் எழுதினார். எல்லாரிடத்தும் அவ்வாறு நிகழ்வதில்லை. பலருக்கு இரு மொழிகளும் ஒருங்கே மீள்கின்றன. ஆயினும், வாழ்நாள் முழுவதும் தமிழில் புழங்கிய பாட்டியை ஆங்கிலத்தில் மட்டுமே வினவினால், அவரிடம் எஞ்சியிருக்கும் சொற்கள் வெளிப்படாமலே போகும். அவர் அருகில் அமர்ந்து தமிழில் பெயர் சொல்லி, பொருள்களைக் காட்டி, விடைக்காகப் பொறுத்திருப்பவர் பேரனாகவோ பேத்தியாகவோ இருக்கலாம்.

முகம் கோணினால், கை தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணை உடனே அழையுங்கள். காத்திருந்து பார்ப்போம் என்னாதீர்கள். அதன்பின், அவருக்குரிய மொழியில் அவரோடு பேசுங்கள்.