பழைய கிடார் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

(பழைய மாணவர் சங்கக் கூடல் விழாவில், மாணவர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி". அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். ஆகவே செயலாளரிடம் அனுமதி பெற்றுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். காரணம், போன மாதம் எனக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. நம் கல்லூரி இசைக்குழுவில் இருக்கும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் பேசினார். "சார், ஞாயித்துக்கிழமை கல்யாணங்களுக்குப் பந்தி பரிமாறப் போயி பத்தாயிரம் ரூபா சேத்து வெச்சிருக்கேன். எலக்ட்ரிக் கிடார் வாங்கணும். புதுசா, பழசா?" என்று கேட்டார். எத்தனை பந்தி, எத்தனை சாம்பார் வாளி தூக்கினால் பத்தாயிரம் சேரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பணம் வீணாகக் கூடாது. அவருக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். பழசுதான் வாங்க வேண்டும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

ஏன் பழசு? 15,000 ரூபாய்க்கு ஒரு கிடார் புதிதாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைப் படி இறங்கினதுமே அது பழசு. மறுநாள் விற்கப் போனால் பத்தாயிரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த ஐயாயிரத்தை ஒருவர் ஏற்கெனவே இழந்த பிறகு நீங்கள் போய் நிற்க வேண்டும். 10,000-க்கு வாங்கி, இரண்டு வருடம் நன்றாக வாசித்துவிட்டு 9,000-க்குக் கைமாற்றினால் இரண்டு வருட வாடகை ஆயிரம் ரூபாய்தானே?

இந்தக் கணக்கு எல்லா வாத்தியத்துக்கும் பொருந்தாது. சாதாரணக் கிடாரின் வயிறு உள்ளே வெற்றிடமான பெட்டி. மெல்லிய பலகைகள், பசையில் ஒட்டியவை. நம் ஊர் ஐப்பசி ஈரத்தையும் சித்திரை வெயிலையும் மாறி மாறி வாங்கினால் வயிறு வீங்கும், ஒட்டு விடும். எலக்ட்ரிக் கிடார் பெரும்பாலும் கெட்டி மரப்பலகை. இந்தக் கெட்டிப் பலகைக் கிடாரை 1950-இல் கடைக்குக் கொண்டுவந்து பெரிய வியாபாரமாக்கியவர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கவே தெரியாது. ரிப்பேர்க்காரர் புத்தி என்ன செய்யும்? கழட்டி மாட்டுகிற மாதிரி செய்யும். கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகில் இணைத்தார். எந்த உறுப்பு கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். பழைய எலக்ட்ரிக் கிடாரை நம்பி வாங்க முடிவதற்கு இந்த மனிதருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. எரிக் கிளாப்டன் 1970-இல் நாஷ்வில் நகரத்துக் கடை ஒன்றில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார்களை வாங்கினார். அந்தக் காலத்தில் அவை யாருக்கும் வேண்டாத பழைய சாமான். மூன்றை ஜார்ஜ் ஹாரிசன் முதலிய நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டார். மீதி மூன்றையும் பிரித்து, நல்ல உடம்பு ஒன்று, நல்ல கழுத்து ஒன்று என்று பொறுக்கிச் சேர்த்து ஒரே கிடாராக்கினார். அதுதான் 'பிளாக்கி'. வருடக்கணக்காக மேடையில் அதைத்தான் வாசித்தார். 2004-இல் ஏலத்தில் போனபோது அதன் விலை 9,59,500 டாலர். நம் மூர் மார்க்கெட் பாஷையில் சொன்னால் அது 'ஒட்டு வண்டி'! (சிரிப்பு)

சரி, பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது? பளபளப்பைப் பார்க்காதீர்கள். கீறல், பெயின்ட் போனது எல்லாம் விலையைக் குறைக்கும், சத்தத்தைக் குறைக்காது. முதலில் கழுத்து. தலைப்பக்கத்திலிருந்து, துப்பாக்கிக் குறி பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். லேசாக முன்னோக்கி வளைந்திருந்தால் பயம் இல்லை. உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதன் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினால் நேராகிவிடும். அந்தத் திருகில் இன்னும் திருப்ப இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஓர் ஓரம் மேலேயும் மற்றது கீழேயும் போனால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வளைவை அளக்க கருவி வேண்டாம். தடித்த கம்பியை முதல் மெட்டில் ஒரு விரலாலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் இன்னொரு விரலாலும் அழுத்துங்கள். இப்போது கம்பியே அளவுகோல். ஏழாவது மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் போதும்.

அடுத்தது மெட்டுகள். வீணையில் மெட்டு என்போமே, அதைத்தான் கிடார்காரர்கள் ஃப்ரெட் என்கிறார்கள். வீணைக்கு மெழுகில் மேளம் கட்டுவதுபோல் இதைச் சுலபமாகப் பெயர்த்துக் கட்ட முடியாது. மரத்தில் அறைந்திருக்கும். முதல் ஐந்து மெட்டுகளில், மெல்லிய கம்பிகளுக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். லேசான பள்ளத்தை அராவிச் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் எல்லா மெட்டையும் மாற்ற வேண்டும், மலிவுக் கிடாரில் அந்தக் கூலியே கிடார் விலையை நெருங்கிவிடும். ஆறு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். பொறுமை வேண்டும். விற்கிறவர் முகத்தைச் சுளித்தாலும் விடாதீர்கள்.

இனி மின்சாரப் பகுதி. பௌதிக மாணவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். பிக்கப் என்பது மாயமில்லை. காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்கிறது, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஃபாரடே விதி, இரண்டாமாண்டுப் பாடம். ஆகவே ஆம்ப்ளிஃபயர் இல்லாத வீட்டிலும் சோதிக்கலாம். மல்ட்டிமீட்டர் கொண்டுபோங்கள். கிடாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மீட்டரை வையுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் 5,500-லிருந்து 7,000 ஓம் வரை, இரட்டைச் சுருள் என்றால் 7,000-லிருந்து 9,000 வரை காட்டுவது வழக்கம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கவலை இல்லை. எதுவுமே காட்டாவிட்டால் எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது. சாக்கெட்டிலோ ஸ்விட்சிலோ என்றால் ஒரு சொட்டு ஈயத்தில் முடிந்துவிடும். சுருளுக்குள்ளேயே என்றால் அந்தப் பிக்கப்பின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். திருகும்போது கரகரவென்று சத்தம் வருகிற வால்யூம் குமிழைக் கண்டால் நான் சந்தோஷப்படுவேன். செலவு சில நூறு ரூபாய், பேரத்தில் அதைவிட அதிகம் குறைக்கலாம்.

தலைப்பகுதி முறிந்து ஒட்டப்பட்டது என்று ஒரு வகை உண்டு. கிப்சன் மாதிரிக் கிடார்களில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், மல்லாந்து விழுந்தால் அங்கேதான் முறியும். கைதேர்ந்தவர் ஒட்டினால் அந்த ஒட்டு நிற்கும். ஆனால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். வாங்கிப் பூட்டி வைக்கிறவர்களுக்கு அது குறை. வாசிக்கிறவர்களுக்கு அதுதான் லாபம். ஒட்டியதைச் சொல்லி விற்கிறாரா, மறைத்து விற்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள்.

அமெரிக்கா போன அண்ணன் கொண்டுவருவார் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிடாருக்கு வீட்டு மின்சாரம் வேண்டாம், ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே செருகினால் புகைதான். இன்னொன்று, வாசிக்கும்போது கையில் சுருக்கென்று மின்சாரம் அடித்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த அரங்கத்தின் எர்த் சரியில்லை என்று பொருள். விழா நாட்களில் பந்தல்காரர் இழுத்துவிடும் ஒயரை நம்பாதீர்கள்.

மாற்றிக்கொள்வது, அதாவது எக்ஸ்சேஞ்ச், கொஞ்சம் ஏமாற்று நிறைந்த இடம். கடையில் கொடுத்தால் அவர்கள் விற்கப்போகும் விலையில் பாதிதான் கணக்கு வைப்பார்கள். அவர்களும் வாடகை கட்டணும், குற்றம் சொல்வதற்கில்லை. தனி ஆளோடு மாற்றினால் இருவருக்கும் நல்லது. ஆனால் "என் கிடாரைத் தர்றேன், உன் பெடலைத் தா" என்று பேச ஆரம்பிக்காதீர்கள். முதலில் இரண்டு பொருளுக்கும் ரூபாயில் விலை வையுங்கள். அப்புறம் வித்தியாசத்தைப் பேசுங்கள். ரூபாயில் பேசாத இடத்தில் எப்போதும் ஒருவர் ஏமாறுகிறார், அது பெரும்பாலும் சின்னப் பையன்.

விலை தெரியாதவரிடம் வாங்குவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2009-இல் ராயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கப்பலில் வேலை பார்த்த கணவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த கிடார். அவர் காலமாகிவிட்டார். அந்த அம்மா 4,000 ரூபாய் கேட்டார். எடுத்துப் பார்த்தேன். ஸ்குவையர் என்று பெயர், ஜே.வி. என்று தொடங்கும் எண். 1982-லிருந்து 84 வரை ஜப்பானில் செய்த வரிசை அது. இன்று அதே பெயரில் வரும் மலிவுக் கிடார்களோடு சேர்த்து எண்ணக்கூடாது, தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். "அம்மா, இது நாலாயிரம் ரூபா பொருள் இல்லீங்க, இன்னும் நிறைய போகும்" என்றேன். அந்த அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "வாங்க வந்தவன் யாராச்சும் வெலைய ஏத்திச் சொல்வானா? என்னா தம்பி, இதுல ஏதாச்சும் வில்லங்கமா?" என்றார். மகனைக் கூப்பிட்டு, நான்கு இடத்தில் விசாரிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் தகவல் இல்லை. வீட்டில் "உங்களுக்கு எதுக்கு இந்த வேல?" என்று கேட்டார்கள். பிறகு மகனே கூப்பிட்டார். 18,000-க்கு முடித்தோம், இரண்டு தவணை. அந்த விலைக்கும் அது எனக்கு லாபம்தான்.

கடைக்காரரிடம் பேரம் பேசுங்கள், அது அவர் தொழில். வாத்தியக்காரரிடமும் பேசுங்கள், அவருக்குத் தெரியும். கையில் இருப்பது என்னவென்றே தெரியாத வீட்டில் வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பதை நான் பேரம் என்று சொல்லமாட்டேன். என் நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. இன்று மாலை தேநீரின்போது அவர்கள் உங்களிடம் வேறு மாதிரி சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். 1980-களில் இளையராஜா பாட்டின் கிடாரை ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும் என்று எத்தனை பேர் கிடார் வாங்கினோம்! பர்மா பஜாரில் தேடியவர்கள் உண்டு. கல்கத்தாவில் செய்த 'கிவ்சன்' வாங்கி, அமெரிக்கக் 'கிப்சன்' என்று விடுதியில் அளந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். அந்தக் கிடார்கள் இன்று எங்கே? பாதி பரண்மேல். கம்பி துருப்பிடித்திருக்கும், உறையில் கரப்பான் முட்டை இருக்கும். பரவாயில்லை, கழுத்து நேராக இருந்தால் போதும். இறக்கி எடுங்கள். நம் இசைக்குழுவில் இப்போது ஐந்து பேருக்கு இரண்டு கிடார். இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நியாய விலைக்குக் கொடுங்கள், அல்லது மாற்றிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை 10 மணிக்குப் பௌதிக ஆய்வுக்கூட வராந்தாவில் ஒரு மேசை போட்டு உட்காரப் போகிறேன். மல்ட்டிமீட்டர், ஈயப்பற்று வைக்கும் கோல், ஆறு செட் புதுக் கம்பி என்னிடம் இருக்கிறது. விலைச் சீட்டை இரண்டு பிரதி எழுதி, வாங்குபவர் ஒன்று, விற்பவர் ஒன்று வைத்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அங்கேயே இருப்பேன்.