வீட்டைக் காட்டுறாங்க, பட்டாவைக் காட்டலையே!

(இந்த எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

பின்னாடி ஒரு சத்தம் கேக்கும். வேற ஒண்ணும் இல்ல, ஓட்டு மேல சாரல் விழுது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா என் குரலும் சேர்ந்து போயிடுது, அதனால அப்படியே விட்டுட்டேன். சீசன் நேரத்துல தென்காசிப் பக்கம் உட்காந்து பாட்காஸ்ட் பண்ணா இதுதான் பேக்ரவுண்ட் ஸ்கோர்.

இன்னைக்கு டாபிக், வீடு வாங்குற ஷோ, பழைய வீட்டை இடிச்சுப் புதுசாக்குற ஷோ. நம்ம ஊர் டிவியில வீடுன்னா ஞாயித்துக்கிழமை காலைல ஒரு சீரியல் நடிகர் கோட் போட்டுக்கிட்டு, பொட்டல் காட்டுல நின்னு, "சென்னைக்கு மிக அருகில்"னு சொல்றதுதான். அது விளம்பரம், விட்டுடலாம். நான் சொல்றது அமெரிக்கா, கனடா ஷோக்கள். 'ஹவுஸ் ஹண்டர்ஸ்', 'பிராப்பர்ட்டி பிரதர்ஸ்', 'ஃபிக்ஸர் அப்பர்' மாதிரி. முதல் அஞ்சு நிமிஷம் அழுக்கு வீடு, கடைசி அஞ்சு நிமிஷம் வெள்ளை வீடு, நடுவுல சுத்தியல்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது 2020 லாக்டவுன்ல. சென்னை ரூமைக் காலி பண்ணிட்டு மேலகரம் வந்து சேர்ந்தேன். தெரியாதவங்களுக்கு, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல இருக்கிற ஊர் அது. வர்றப்பவே ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கிட்டு வந்தேன். சாயங்காலம் ஆனா பட்டாசல்ல எல்லாரும் உட்காந்து இந்த ஷோக்களைப் பாப்போம். ஆச்சிக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஊமைப்படம் மாதிரிதான் பாப்பாங்க. ஆனா எங்க வீட்டுலயே உருப்படியான கருத்து சொன்னது அவங்கதான்.

முதல் கேள்வி: "ஏல, இம்புட்டுப் பெரிய வீட்ட யாரு கூட்டுவா?"

ரெண்டாவது: "செருப்ப எங்கன கழட்டுவாவ?"

மூணாவது கேள்வியைத்தான் ஒவ்வொரு எபிசோடுக்கும் தவறாம கேப்பாங்க. "மழ பெஞ்சா தண்ணி எங்கன போவும்?" அந்த ஷோக்களை நீங்களும் யோசிச்சுப் பாருங்க. எப்பவும் வெயில். புல்வெளி பச்சை, வானம் நீலம், ரிவீல் நாள்ல ஒரு சொட்டு மழை கிடையாது. ஆச்சிக்கு அது சந்தேகமா இருந்துச்சு. மழையில நிக்காத வீட்டை எப்படி நல்ல வீடுன்னு சொல்றதுன்னு அவங்க கணக்கு.

'ஹவுஸ் ஹண்டர்ஸ்' 1999ல ஆரம்பிச்ச ஷோ. ஒரு குடும்பம் மூணு வீடு பாக்கும், கடைசில ஒண்ணை எடுக்கும். எது எடுப்பாங்கன்னு நாங்க வீட்டுல பெட் கட்டுவோம், தோத்தவன் ராத்திரி பால் பாத்திரம் கழுவணும். 2012ல அதுல கலந்துக்கிட்ட ஒருத்தவங்க, ஷூட்டிங்குக்கு முன்னாடியே தாங்க வீடு வாங்கி முடிச்சாச்சு, மத்ததெல்லாம் கேமராவுக்குப் போய்ப் பாத்ததுன்னு வெளிய சொல்லிட்டாங்க. சேனலும் பெருசா மறுக்கல. வீடு வாங்குற வேலையில பாதிக்கு மேல தாண்டின குடும்பங்களைத்தான் எடுக்குறோம், நேரம் பத்தாதுல்லன்னு விளக்கம் சொன்னாங்க. இதைப் படிச்சப்ப எனக்கு ரொம்ப ஏமாத்தமா இருந்துச்சு. ஆச்சிகிட்ட சொன்னேன்.

"இதுல என்னல இருக்கு? சொந்தத்துல பொண்ணு பேசி முடிச்சிட்டு, ஊருக்காக நாலு வீடு ஏறி இறங்கி பஜ்ஜி திங்கதில்லையா?"

முடிஞ்சுது. இதுக்கு மேல நான் என்ன மீடியா கிரிட்டிசிசம் பண்றது?

யோசிச்சா, நமக்கு இந்த ஷோ புதுசே கிடையாது. பால்காய்ப்புக்குப் போறோம்ல, அது என்ன? மொய்க் கவரைக் கொடுத்துட்டு, கையில பாயசத்தோட ஒவ்வொரு ரூமா ஏறி இறங்கி, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு, வெளிய வந்து பைக் ஸ்டார்ட் பண்றப்ப, "பாத்ரூமைக் கொண்டு போய் ஈசான மூலைல வச்சிருக்கான் பாரு." அமெரிக்காக்காரன் இதை சோபாவுல உட்காந்து பண்றான், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க அப்பா ரிட்டயர்டு வாத்தியார். அவர் பாக்குறதே குறை கண்டுபிடிக்கத்தான். 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்'னு ஒண்ணு 2003ல வந்துச்சு. கஷ்டப்படுற குடும்பத்துக்கு ஏழே நாள்ல பெரிய வீடு கட்டிக் கொடுப்பாங்க, எல்லாரும் அழுவாங்க, நானும் அழுதிருக்கேன். அப்பா அழல. "வீட்டு வரி யார் கட்டுவா?"ன்னு கேட்டார். அவர் சொன்னது சரிதான். வரி, கரண்ட் பில் எல்லாம் ஏறி, தாக்குப்பிடிக்க முடியாம அந்த வீடுகளை வித்த குடும்பங்களைப் பத்தி அங்க செய்தி வந்திருக்கு. அப்பாவைப் பொறுத்தவரை தமிழ்ல ஒரே ஒரு வீட்டு ஷோதான், பாலு மகேந்திராவோட 'வீடு', 1988. ஒரு கிளார்க் பொண்ணு கடன் வாங்கி வீடு கட்ட ஆரம்பிக்கும், கான்ட்ராக்டர் ஏமாத்துவான், கடைசில பாத்தா அந்த மனையைக் குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்தாச்சும்பாங்க. அர்ச்சனாவுக்கு அதுக்குத் தேசிய விருது கிடைச்சுது. "இத விட்டுட்டு சுத்தியல் வச்சு ஆடுறவன பாத்துக்கிட்டு இருக்கே"ம்பார்.

சரி, இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். இந்த ஷோக்களை மூணு வருஷம் பாத்தா என்ன ஆகும்? நம்மளுக்கும் சுத்தியல் எடுக்கணும்னு தோணும். எனக்குத் தோணுச்சு.

எங்க வீடு தாத்தா 1962ல கட்டினது. தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல். பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவுல ஒரு சுவர். அதை எடுத்துட்டா ஓப்பன் கிச்சன், கவுன்டர், மேல மூணு லைட்டு. என் லேப்டாப்ல 3டி மாடலே பண்ணி வச்சிருந்தேன். கொத்தனார் அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பெருமையா காட்டினேன். அவர் ஸ்க்ரீனைப் பாக்கல. தலையை அண்ணாந்து உத்தரத்தைப் பாத்தார்.

"தம்பி, இத எடுத்துட்டா மேல உள்ளது எங்கன நிக்கும்?"

நான் ஒரு இன்ஜினியர்ங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், ஆனாலும் இது தெரிஞ்சிருக்கணும். அந்த ஊர்ல வீட்டுக்குள்ள இருக்கிற சுவர் பெரும்பாலும் மரச்சட்டம், ரெண்டு பக்கமும் ஜிப்சம் பலகை. சுத்தியலால ஒரு போடு போட்டா பொத்துன்னு ஓட்டை விழும், டிவில பாக்க நல்லா இருக்கும். அங்கேயே சில சுவர் பாரம் தாங்குற சுவரா இருந்தா, மியூசிக் மாறும், எக்ஸ்ட்ரா செலவும்பாங்க, ஒரு பீம் குடுப்பாங்க. எங்க வீட்டுல எல்லாச் சுவரும் பாரம் தாங்குற சுவர்தான். செங்கலும் சுண்ணாம்பும், ஒண்ணரை அடி கனம். உத்தரம், கைமரம், ஓடு, மொத்த எடையும் அது மேல உட்காந்திருக்கு. அண்ணாச்சி இன்னொண்ணும் சொன்னார். உதிருற இடத்துல சிமெண்ட் பூச்சு பூசலாமான்னு கேட்டேன், கூடாதுன்னுட்டார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், அப்புறம் காத்துல விட்டுடும். சிமெண்டை மேல பூசினா ஈரம் வெளிய போக வழி இல்லாம உள்ளேயே நிக்கும், பூச்சு உப்பிக்கிட்டு வரும். நாலு மாசம் ஈரக்காத்து அடிக்கிற ஊர்ல அது என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

சுவர் போச்சு. ஆனா ஐடியா போகல. இரும்பு பீம் கொடுத்துப் பண்ணலாம், லோன் போடலாம்னு பேங்குக்குப் போனேன். அங்க லிஸ்ட் கொடுத்தாங்க. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வீட்டு வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ். பட்டா தாத்தா பேர்ல இருக்கு. தாத்தா உயில் எழுதி வைக்கல.

அவர் சுயமா சம்பாதிச்சுக் கட்டின வீடு. உயில் இல்லாம போயிட்டா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அதாவது ஆச்சி, அப்பா, சித்தப்பா, அத்தை. நாலுல ஒண்ணு, ஆளுக்கு. நான் லிஸ்ட்லயே இல்ல. எந்தச் சுவரை இடிக்கலாம்னு மூணு வருஷமா கனவு கண்டவனுக்கு அதுல ஒரு செங்கல் கூட இல்ல.

அந்த வாரம் அத்தை கடையநல்லூர்ல இருந்து வந்திருந்தாங்க. நான் 3டி மாடலைக் காட்டி, லோனுக்கு ஒரு கையெழுத்து வேணும் அத்தைன்னு சாதாரணமாத்தான் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. அப்புறம் அப்பாவைப் பாத்தாங்க. அப்பா, "அவளுக்குத்தான் நகை போட்டு எல்லாம் செஞ்சாச்சே"ன்னு சொல்ல ஆரம்பிச்சார். அத்தை கோபப்படல.

"பங்கு வேணும்னு நான் கேக்கலண்ணே. வேண்டாம்னும் சொல்லல. இத்தன வருஷத்துல யாராவது கேட்டீங்களா?"

பட்டாசல்ல டிவி ஓடிக்கிட்டே இருந்துச்சு. எவனோ ஒருத்தன் டைல்ஸ் செலக்ட் பண்ணிக்கிட்டு இருந்தான். நான் எழுந்து ஆஃப் பண்ணேன்.

எனக்கு இதுல அப்பா மேல மட்டும் வருத்தம் இல்ல, என் மேலயும்தான். சின்ன வயசுல இருந்து அத்தை லீவுக்கு வருவாங்க, அரங்குல பாய் போட்டுப் படுப்பாங்க, மூணாம் நாள் பையைத் தூக்கிட்டுப் போவாங்க. விருந்தாளின்னே நினைச்சிருக்கேன். அது அவங்க வீடுன்னு பேங்க் கொடுத்த ஒரு தாளைப் பாத்துத்தான் எனக்குத் தெரியணுமா? அந்த ஷோக்கள்ல ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேக்குறதே இல்ல. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு குழந்தை, ஒரு நாய். வீடு அவங்க பேர்ல இருக்கு, கதை அங்க இருந்துதான் ஆரம்பிக்கும். நம்ம ஊர்ல கதையே அதுக்கு முன்னாடிதான் நடக்குது. இப்ப சித்தப்பாவையும் ஸ்பீக்கர் போன்ல போட்டுப் பேசிக்கிட்டு இருக்கோம். முடியல, நடக்குது. லோன் போடல.

ஒருத்தரோட கருத்தை நான் இன்னும் சொல்லல. அம்மா.

அம்மா டிவிக்கு நேரா உட்கார மாட்டாங்க. அடுக்களை வாசல்ல உட்காந்து காய் நறுக்கிக்கிட்டே பாதி பாப்பாங்க, கருத்து எதுவும் கிடையாது. ஒரு நாள் 'ஃபிக்ஸர் அப்பர்' ஓடுது. ஆச்சி, அந்த சோபாவெல்லாம் யார் வாங்கித் தர்றாங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. (நல்ல கேள்வி. ரிவீல்ல காட்டுற சாமான்ல நிறைய ஷோவுக்காகக் கொண்டு வந்து வைக்கிறது, வேணும்னா காசு கொடுத்துதான் எடுத்துக்கணும்.) அப்ப அம்மா சொன்னாங்க:

"எல்லா வீட்லயும் பாத்திரம் கழுவுற இடத்துக்கு நேரா ஒரு ஜன்னல் வச்சிருக்காங்க, பாத்தியா?"

நான் பாக்கல. அத்தனை எபிசோட்ல நான் கவனிக்காத ஒண்ணு. அதுக்கப்புறம் எந்த எபிசோடைப் போட்டாலும் அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. சிங்க், அதுக்கு மேல ஜன்னல், வெளிய ஒரு மரம். எங்க அடுக்களைல சிங்க்குக்கு நேரா சுவர். அம்மா அந்த வீட்டுக்கு வந்து 31 வருஷம். அது மாமியார் அடுக்களை, அதுல அவங்க ஒரு ஆணி அடிக்கச் சொல்லிக் கேட்டு எனக்கு ஞாபகம் இல்ல.

இந்த ஷோக்களை நான் எவ்வளவு கிண்டல் பண்ணாலும், அந்த ஒரு வாக்கியத்தை அம்மா வாயில இருந்து வரவச்சது அதுதான். அதுக்காக மன்னிச்சு விட்டுட்டேன்.

அத்தைகிட்ட கேட்டேன். இந்தத் தடவை முதல்ல அவங்ககிட்ட. "அதுக்கெல்லாம் என்ன கேள்வி, வை"ன்னாங்க. ஆச்சி, "வெளிச்சம் வரட்டும்"னாங்க. என் சேமிப்புல பண்ணோம். மூணடி அகலம்தான், அதுக்கு மேல அந்தச் சுவர்ல திறக்கக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டார். மேல லிண்டல் போட்டு, நிதானமா, ரெண்டு ரெண்டு கல்லா எடுத்தாங்க. சுத்தியல் டான்ஸ் எல்லாம் இல்ல.

அந்தச் சுவர் மேற்குப் பக்கம். அண்ணாச்சி சொன்னார், "மேக்க பாத்து வைக்கீங்க, சாரல் அடிக்கும், ரெண்டடி சன்ஷேட் போட்டுருவோம்." நான், "வேண்டாம் அண்ணாச்சி, எலிவேஷன் போயிடும்"னேன். எங்க இருந்து கத்துக்கிட்ட வார்த்தைன்னு உங்களுக்கே தெரியும்.

வேலை முடிஞ்சது மார்ச்ல. மூணு மாசம் பிரமாதம். பாத்திரம் கழுவுறப்ப குற்றால மலை தெரியும். ஜூன்ல செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து வந்துச்சு பாருங்க, சாரல் நேரா இல்ல, படுக்கை வசத்துல வருது. ஜன்னல் வழியா உள்ள வந்து அடுப்பு, மிளகாய்ப்பொடி டப்பா, எல்லாம் நனைஞ்சுது. சாத்தலாம்னா அம்மா விட மாட்டேங்கிறாங்க. அடுப்பைத் தள்ளி வச்சுக்கிட்டு, சேலை முன்னாடி நனைய நனைய அங்கேயே நின்னு கழுவுறாங்க. அண்ணாச்சிக்கு போன் பண்ணேன், சாரல் நிக்கட்டும் தம்பி, அதுக்கப்புறம் வந்து சன்ஷேட் போடுதேன்னுட்டார். சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

நேத்து ஆச்சி அந்த ஜன்னலையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டுக் கேட்டாங்க: "டிவில அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படில நனையாம இருக்கு?"

சரி மக்களே, தார்ப்பாய் ஒண்ணு கட்டப் போகணும். அடுத்த வாரம் பாப்போம்.