சேமலாப நிதியைக் காட்டி வீட்டுக்கடன்: வட்டியையும் கணக்குப் பாருங்க
(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வீடு கட்ட, கூரை மாற்ற சேமலாப நிதியில காசு எடுக்கலாமா என்று பலரும் எங்களிடம் கேட்கிறீங்க. எடுக்கிறது வேறு, அதைக் காட்டிக் கடன் வாங்குறது வேறு. இதைத்தான் இன்றைக்கு விளக்க வந்திருக்கிறோம்.

லயத்துக் காம்பராவை ஈடு வைக்க முடியாது. அது நம்ம பேரில் இல்லை. நம்மிடம் இருக்கும் பெரிய ஈடு சேமலாப நிதிதான். சம்பளத்தில் குறைந்தது 8 சதவீதம் நாமும், 12 சதவீதம் நிர்வாகமும் மாதாமாதம் கட்டுகிற காசு அது. 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மீதியில் 75 சதவீதம் வரை பிணையாகக் காட்டி வீட்டுக்கடன் பெறலாம். தொழில் திணைக்களம் தருவது சான்றிதழ் மட்டுமே. காசு கொடுப்பது வங்கி. வட்டியும் வங்கிக்குத்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1 லட்சம் ரூபாய் கடன், வருட வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி மட்டும் 1,000 ரூபாய். 1,500 கட்டினால் முதலில் 500தான் குறையும். 1,000 மட்டும் கட்டினால் கடன் அப்படியே நிற்கும். ஒன்றுமே கட்டாவிட்டால் வட்டி ஏறிக்கொண்டே போகும்.

"கட்டாட்டி யாரும் வீட்டு வாசலுக்கு வரல்லியே" என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். வரத் தேவையில்லை! நிலுவையை நம்ம சேமலாபக் கணக்கிலிருந்தே வங்கிக்குக் கொடுத்துவிடுவார்கள். பெண்கள் 50 வயதிலும், ஆண்கள் 55 வயதிலும் காசு எடுக்கப் போகும்போதுதான் குறைந்தது தெரியும். வயசு காலத்துக் கஞ்சிக்கு வைத்த காசு அது.

இன்னொரு வழியும் உண்டு. 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, 10 வருடத்துக்கு மேல் சேவை செய்து, மீதி 3 லட்சத்துக்குக் குறையாமல் இருப்பவர்கள், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம். இதற்கு வட்டி இல்லை. ஆனால் எடுத்தது எடுத்ததுதான்; கடைசியில் கிடைப்பது அந்த அளவுக்குக் குறையும்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்க: வட்டி எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு? எத்தனை வருடம்? பேர் குறைந்த மாதத்திலும் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று புருசன் பெண்சாதி இரண்டு பேரும் உட்கார்ந்து யோசியுங்க. செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர் என்றிருந்தால் அதை முதலில் திருத்திக்கொள்ளுங்க.

வீடு வேணும். அதற்காக முதுமையை அடகு வைத்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் கடதாசியோடு எங்களிடம் வாங்க, சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.