தாய் மறந்தாலும்

(வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)



எசாயா நூலின் 49ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் தன்னை மறந்துவிட்டார் என்று சீயோன் புலம்புகிறது. பால் குடிக்கும் பிள்ளையைப் பெற்றவள் மறப்பாளா என்று இறைவன் கேட்கிறார். அவளே மறந்தாலும் தாம் மறக்கப்போவதில்லை என்கிறார். இந்த வாசகத்தை விளக்கும்போது, பிள்ளையை மறக்கும் தாய் உலகில் இல்லை என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்கிறோம். ஆனால் இருக்கிறார்கள். தான் பெற்ற மகளைப் பார்த்து, “நீ யாரும்மா?” என்று கேட்கும் தாய்மார்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாசம் குறைந்துவிடவில்லை. மூளை நோயுற்றிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி பங்கு அலுவலகத்துக்கு வந்தார். கணவரின் நினைவு நாளுக்குத் திருப்பலிக் கருத்து எழுதிவிட்டுப் போனார். அன்று மதியம் மறுபடியும் வந்தார். மாலையில் மூன்றாம் முறை வந்தார். அலுவலகத்தில் இருந்த நாங்கள், “காலையிலேயே எழுதியாச்சே பாட்டி” என்று சொல்லிச் சிரித்துவிட்டோம். அதன் பிறகு அவர் கோவிலுக்கு வரவில்லை. முதல் வெள்ளியன்று நற்கருணையோடு அவர் வீட்டுக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. “சாமி, ஜெபமாலை சொன்னா பாதியில நின்னுபோகுது. பாவசங்கீர்த்தனம் பண்ணலாம்னா பாவம்கூட ஞாபகம் வரல. ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாரா?” என்று அழுதார். அந்தத் தெருப் பிள்ளைகள் பலருக்கு முதல் செபம் சொல்லிக்கொடுத்தவர் அவர். எங்கள் சிரிப்புக்காக அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

இறைமக்களே, மறதி நோய் பாவத்தின் தண்டனை அல்ல. விசுவாசக் குறைவும் அல்ல. இதை நமக்குத் தெளிவாகக் கற்றுத்தந்தவர்கள் சில துறவற சகோதரிகள்.

1986ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர், நோட்ர டாம் பள்ளிச் சகோதரிகள் சபையை அணுகினார். 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் அவருடைய ஆய்வில் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசிரியைகளாக வாழ்ந்தவர்கள். மரணத்துக்குப் பிறகும் கற்பிக்க முன்வந்தார்கள்.

ஒரே விதமான வீடு, உணவு, செப வாழ்வு. அப்படியிருந்தும் சிலர் 90 வயதிலும் தெளிவாக இருந்தார்கள். சிலர் அதற்கு வெகு முன்பே நினைவை இழந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் சொல்லும் வயது ஒன்று, உடலின் உயிரணுக்கள் அடைந்திருக்கும் முதுமை வேறொன்று. செபத்தில் ஒன்றாக இருந்தவர்களும் நோயில் ஒன்றாக இல்லை. ஆகவே, மறதி வந்தவரைப் பார்த்து, இவர் சரியாகச் செபிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

அந்த ஆய்வில் அருள்சகோதரி மேரி என்று குறிப்பிடப்படுபவர் 101ஆம் வயதில் இறந்தார். கடைசிவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். ஆனால் அவர் மூளையைப் பார்த்தபோது, அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறைய இருந்தன. நோயின் தடயங்கள் இருந்தும் நினைவு நின்றது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அல்சைமர் தடயங்களோடு, மூளையின் இரத்த நாளங்களில் சிறு அடைப்புகளும் ஏற்பட்டிருந்த சகோதரிகளிடம் மறதி நோய் மிக அதிகமாக வெளிப்பட்டிருந்தது. அப்படியானால், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது மூளையையும் காப்பதாகும்.

நம் நாட்டுக்கு வருவோம். 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் அதிகம். இதைக் கேட்கும்போது நம் மனசாட்சி உறுத்த வேண்டும். தம்பி படிக்கட்டும் என்று மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட சிறுமிகள்தான் இன்றைய நம் பாட்டிகள். கல்வி மூளைக்கு ஒரு சேமிப்பு. அந்தச் சேமிப்பை அவர்களுக்கு மறுத்தவர்கள் நாம்.

இன்று நாம் செய்யக்கூடியவை உண்டு. “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காது கேட்காமல் போவதும் தனிமையும் மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகின்றன. அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கித் தருவது வீண் செலவு அல்ல. அன்பியக் கூட்டத்துக்குப் பாட்டியைக் கைபிடித்து அழைத்து வருவதும் மருந்துதான்.

இவ்வளவு செய்தும் நோய் முற்றலாம். இரவெல்லாம் தூங்காமல் தாயைக் கவனித்து, பொறுமை இழந்து கத்திவிட்டு, பிறகு குற்ற உணர்வோடு வாழும் மகள்களும் மருமகள்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பெற்றோரின் அறிவாற்றல் குறைந்தாலும் பொறுமையாய் இருக்கும்படி சீராக் ஞானநூல் 3ஆம் அதிகாரம் நம்மைக் கேட்கிறது. அந்தக் கட்டளை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் சுமத்தப்பட்டதல்ல. மகன்களுக்கும் உண்டு, பங்குக்கும் உண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் போய் உட்கார்ந்து, அவரைச் சற்றுத் தூங்கவிடுவது நம் மரியாயின் சேனைக்கும் இளையோருக்கும் முடியாத காரியமா?

அந்தப் பாட்டிக்கு அன்று சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறோம். நினைவுக்கு வராத பாவத்தை ஆண்டவர் கணக்குக் கேட்பதில்லை. அருளடையாளத்தின் அருள் நம் ஞாபகசக்தியைச் சார்ந்தது அல்ல. ஜெபமாலை பாதியில் நின்றால், மீதியை நாங்கள் சொல்வோம். ஒவ்வொரு திருப்பலியும் ஆண்டவரின் நினைவாக நடக்கிறது. அந்த நினைவில், தம்மையே மறந்தவர்களும் திருச்சபையால் நினைக்கப்படுகிறார்கள். இன்னும் சில மாதம் அந்த வீட்டுக்குப் போய்வந்தோம். கடைசியில் அவருக்கு எங்கள் பெயர் தெரியவில்லை. நற்கருணையைக் கண்டதும் கைகூப்பினார்.

செபிப்போம். ஆண்டவரே, உம்மையும் எங்களையும் மறந்துபோன எங்கள் தாய்மாரை நீர் மறவாதேயும். அவர்களைச் சுமக்கும் கைகளுக்குப் பலம் தாரும். நாங்கள் சிரித்ததையும் சலித்ததையும் மன்னித்தருளும். ஆமென்.