வீட்டிலிருந்து படித்த பட்டம்



சென்ற வாரம் பள்ளி விட்ட நேரம், பால்மரம் வெட்டும் தாயார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். “சார், மக கைப்பேசியிலேயே டிகிரி படிக்கப் போறேங்குது. காலேஜ் வாசப்படி மிதிக்காம வாங்குற பட்டத்துக்கு யாரு சார் வேலை குடுப்பாங்க?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால், வீட்டிலிருந்து பட்டம் படிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-ஆம் ஆண்டிலேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. அன்று அஞ்சலில் வந்த பாடம் இன்று இணையத்தில் வருகிறது, அவ்வளவே.

சரி, வேலை கொடுப்பவர் எதைப் பார்க்கிறார்? முதலில், பட்டத்தை வழங்கியவர் யார் என்று பார்க்கிறார். நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ., அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை வைத்திருக்கிறது. இணையத்தில் எவரும் அதைப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நாம் படிக்கப்போகும் படிப்பின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

நம் பழைய மாணவர் ஒருவர் இதைப் பார்க்கத் தவறினார். பாடமும் இல்லை, தேர்வும் இல்லை. பணம் கட்டினால் பட்டம் என்றார்கள். வட்டிக்கு வாங்கி 6,000 வெள்ளி கட்டினார். நேர்முகத் தேர்வில் அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார்; அந்தப் படிப்பே அதில் இல்லை. சான்றிதழ் இன்று சுவரில் தொங்குகிறது. கடன் இன்னும் தீரவில்லை.

அடுத்து, படித்தது உள்ளத்தில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். சில முதலாளிகள் இணையவழிப் பட்டம் என்றால் இன்றும் தயங்குகிறார்கள். ‘தேர்வை இவர்தாம் எழுதினாரா? நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்வாரா?’ என்ற ஐயம் அவர்களுக்கு. கணக்கைச் செய்து காட்டினால், மலாயிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகப் பேசினால், அந்த ஐயம் குறையும். பகலில் உழைத்து இரவில் படித்தவர் அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். அந்த விடாமுயற்சியை மதிக்கும் முதலாளிகளும் உண்டு.

ஒன்றை மறவாதீர்கள். மருத்துவம், தாதிமை போன்ற படிப்புகளைத் திரையைப் பார்த்து மட்டும் கற்றுவிட முடியாது. நோயாளியின் அருகில் நின்று பழக வேண்டிய தொழில்கள் அவை.

அந்தத் தாயாரையும் மகளையும் அருகில் அமர்த்தி, பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். அவள் விரும்பிய கணக்கியல் படிப்பு அதில் இருந்தது. “அப்ப படிக்கட்டும் சார்” என்று சொல்லித் தாயார் எழுந்தார்.

நேயர்களே, பணம் கட்டுமுன் பதிவேட்டைப் பாருங்கள். வழி தெரியாவிட்டால், பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள்; சொல்லித் தருவார்.