நிலைப்புள்ளியும் அது நிற்கும் வெளியும்



வள்ளல் அழகப்பர் 1909இல் பிறந்த ஊர் இந்தக் கோட்டையூர். 1947இல் அவர் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதும், 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே வரவழைத்ததும் இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். கணிதக்காரர்களான நாம் அவருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1950இல் சென்னையில் இராமானுஜன் பெயரால் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தை அவர் நிறுவினார். ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் ஆய்வு செய்து திரும்பிய தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். 1955இல் விஜயராகவன் மறைந்ததும் சி. டி. இராஜகோபால் பொறுப்பேற்றார். 1957இல் அழகப்பரும் மறைந்தார். அந்த ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. சேப்பாக்கத்தில் இன்று நாம் போய்வரும் இராமானுஜன் உயர் கணித ஆய்வு நிறுவனம் அந்த வழியில் வந்ததுதான்.

நூற்பாலையும் கல்லூரியும் நடத்திய ஒருவர், எந்தப் பயனும் கைமேல் தெரியாத தூய கணிதத்துக்குப் பணம் கொடுத்தார். என்ன தேற்றம் நிறுவ வேண்டும், எத்தனை கட்டுரை எழுத வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. அப்படி நம்பிக் கொடுத்தவரின் ஊரில் கூடியிருக்கும்போது, நாம் செய்யும் கணிதம் அந்த நம்பிக்கைக்குத் தகுதியானதா என்று கேட்டுக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. என் உரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

ஒரு சார்பு, வெளியிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் இன்னொரு புள்ளிக்கு அனுப்புகிறது. அனுப்பிய பிறகும் இருந்த இடத்திலேயே இருக்கும் புள்ளியை நிலைப்புள்ளி என்கிறோம். தொகையீட்டுச் சமன்பாடு ஒன்றுக்குத் தீர்வு உண்டா என்ற கேள்வியை, சார்புகளையே புள்ளிகளாகக் கொண்ட ஒரு வெளியில் நிலைப்புள்ளி உண்டா என்ற கேள்வியாக மாற்றி எழுதலாம். சார்பு வெளிகளை நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். 1922இல் பனாக் காட்டிய வழி நேரானது. வெளி முழுமையாக இருந்து, சார்பு தூரங்களை ஒரு நிலையான விகிதத்தில் சுருக்கினால், ஒரே ஒரு நிலைப்புள்ளி உண்டு. எங்கிருந்து தொடங்கினாலும் அதை அடையலாம்.

சுருக்க வேண்டாம், தூரம் கூடாமல் இருந்தால் போதும் என்று தளர்த்தினால் நான்எக்ஸ்பான்சிவ் சார்பு கிடைக்கிறது. தளர்த்தியதுமே பிடி நழுவுகிறது. ஒரு வட்டத் தகட்டை மையத்தைச் சுற்றித் திருப்பிக்கொண்டே இருந்தால், எந்தத் தூரமும் கூடுவதில்லை, எந்தப் புள்ளியும் மையத்தை நெருங்குவதும் இல்லை. புள்ளிக்கும் அதன் படிமத்துக்கும் நடுவில் நின்றால் நெருங்கலாம் என்று 1955இல் கிராஸ்னோசெல்ஸ்கி காட்டினார். 1965இல் பிரௌடர், கோடே, கிர்க் மூவரும் தனித்தனியே இருப்புத் தேற்றத்தை நிறுவினார்கள். அவர்கள் சார்பின் மேல் புது நிபந்தனை எதையும் ஏற்றவில்லை. வெளியின் வடிவத்தைப் பார்த்தார்கள். இது இன்று நான் சொல்லப்போவதற்கு முக்கியம்.

1968இல் ஆர். கண்ணன் கல்கத்தா கணிதக் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் படிமத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தார். அந்த இரண்டு விலகல்களின் கூட்டுத்தொகையில், பாதிக்கும் குறைவான ஒரு நிலையான பங்குக்குள் படிமங்களின் தூரம் அடங்கினால் போதும். முழுமையான வெளியில் நிலைப்புள்ளி கிடைத்துவிடும். சார்புக்குத் தொடர்ச்சிகூட வேண்டியதில்லை. வெளிவந்தபோது இதைப் பனாக்கின் தேற்றத்துக்கு ஒரு மாற்று வடிவம் என்றுதான் பலரும் எண்ணியிருப்பார்கள்.

கண்ணன் நிபந்தனையின் உண்மையான பலம் வெளிப்பட்டது 1975இல். சென்னை ஐ.ஐ.டி.யில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த பி. வி. சுப்ரமணியம், ஒரு மெட்ரிக் வெளியில் கண்ணன் சார்பு ஒவ்வொன்றுக்கும் நிலைப்புள்ளி இருந்தால் அந்த வெளி முழுமையானதாகத்தான் இருக்க வேண்டும் என்று நிறுவினார். நிறுவலை மாணவர்கள் இங்கேயே மனத்தில் போட்டுப் பார்க்கலாம். வெளி முழுமையானதல்ல என்று வையுங்கள். அப்போது எல்லை இல்லாத ஒரு கோஷி தொடர்முறை அதில் இருக்கும். எந்தப் புள்ளியை எடுத்தாலும் அது அந்தத் தொடர்முறையின் வாலிலிருந்து ஏதோ ஒரு தூரம் தள்ளித்தான் இருக்கும். ஆகவே அந்தப் புள்ளியை வாலில் போதிய அளவு தள்ளியுள்ள ஓர் உறுப்புக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு வரும் உறுப்புகளெல்லாம் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்றால், புள்ளி கடந்துபோன தூரத்தில் ஒரு சிறு பங்குகூட வராது. கண்ணன் நிபந்தனை நிறைவேறிவிட்டது. எந்தப் புள்ளியும் தன் இடத்தில் நிற்கவில்லை. அவ்வளவுதான் நிறுவல். பனாக்கின் நிபந்தனைக்கு இந்தத் திறமை கிடையாது. முழுமையற்ற ஒரு வெளியிலும் சுருக்கச் சார்பு ஒவ்வொன்றுக்கும் நிலைப்புள்ளி இருக்க முடியும் என்று 1959இலேயே கானல் எடுத்துக்காட்டு கொடுத்திருந்தார். ஒரு நிபந்தனை தன் வெளியைப் பற்றி இப்படிச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சார்பு வெளிக்கு வருவோம். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை வரையறுத்த தொகையிடத்தக்க சார்புகளின் வெளியான எல்-1ஐ எடுங்கள். அதில் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட மதிப்புகளும், கீழே சரியாகப் பாதிப் பரப்பும் கொண்ட சார்புகளை மட்டும் சேருங்கள். குவிந்த கணம், வீக் காம்பாக்ட் கணம்; குறை சொல்ல எதுவும் இல்லை. 1981இல் டேல் ஆல்ஸ்பாக் இப்படிப்பட்ட கணத்தின் மேல், நிலைப்புள்ளியே இல்லாத ஒரு நான்எக்ஸ்பான்சிவ் சார்பைக் கட்டினார். பரோட்டா மாஸ்டர் மாவை இழுத்து, வெட்டி, பக்கத்தில் அடுக்குவதைப் போன்றதுதான் செய்முறை. வரைபடத்தை அகலத்தில் பாதியாக ஒடுக்கி, உயரத்தில் இரட்டிப்பாக்குங்கள். ஒன்றுக்கு மேலே போனதை வெட்டி வலப்பாதியில் இறக்கி வையுங்கள். பரப்பு எதுவும் குறைவதில்லை, கூடுவதில்லை. ஆகையால் இரண்டு சார்புகளுக்கு இடையே உள்ள தூரம் அப்படியே காக்கப்படுகிறது. ஒரு சார்பு இதில் மாறாமல் நின்றால், அதன் வரைபடத்துக்குக் கீழே உள்ள பகுதியும் மாறாமல் நிற்க வேண்டும். இப்படிப் பிசையும் உருமாற்றத்தில் மாறாமல் நிற்கும் பகுதிக்குப் பரப்பு பூஜ்யமாகவோ ஒன்றாகவோதான் இருக்க முடியும் என்பது எர்காடிக் கோட்பாடு. நம்முடையது பாதி. ஆகவே நிலைப்புள்ளி இல்லை. இத்தனை ஆண்டு பாடம் நடத்திய பிறகும் இதைச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சி குறைவதில்லை.

இதே எல்-1இல் கண்ணன் சார்புகளின் நிலை என்ன? பங்கு சரிபாதி வரை வந்தாலும், வீக் காம்பாக்டான குவி கணத்தில் அவற்றுக்கு நிலைப்புள்ளி கட்டாயம் உண்டு. 1970களின் நடுவில் சி. எஸ். வாங் இதற்குரிய காரணத்தைக் கண்டார். கணத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மூடிய குவி கணத்திலும், மற்றெல்லாப் புள்ளிகளிலிருந்தும் விட்டத்தை விடக் குறைந்த தூரத்தில் ஒரு புள்ளி இருந்தால் போதும். எல்-1 செப்பரபிள் வெளி. ஆகவே அடர்ந்து கிடக்கும் ஒரு தொடர்முறையை எடுத்து, முதல் உறுப்புக்கு அரை, அடுத்ததற்குக் கால், பிறகு அரைக்கால், வீசம் என்று எடை போட்டுக் கூட்டினால் அப்படி ஒரு புள்ளி கிடைத்துவிடும். அந்தப் புள்ளி யாரோ ஒருவரிடமிருந்து முழு விட்டத் தொலைவில் இருந்தால், தொடர்முறையின் எல்லா உறுப்புகளும் அவரிடமிருந்து அதே தொலைவில் இருக்க நேரும். அடர்ந்த தொடர்முறைக்கு அது முடியாது.

ஒரே வெளி, ஒரே கணம். ஒரு வகைச் சார்பு தோற்கிறது, இன்னொரு வகை வெல்கிறது. ஏன் என்றால் இரண்டும் தாய் மகள் உறவு கொண்டவை அல்ல. எல்லாப் புள்ளிகளையும் அசையாமல் விடும் சமனிச் சார்பு நான்எக்ஸ்பான்சிவ். ஆனால் அது கண்ணன் சார்பு ஆகாது. இதை உணராமல் இரண்டையும் “பொதுமைப்படுத்திய நான்எக்ஸ்பான்சிவ்” என்ற ஒரே தலைப்பில் போட்டு எழுதும் கட்டுரைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

2008இல் சுசுகி கொடுத்த சி நிபந்தனை வேறு ரகம். ஒரு புள்ளி தன் படிமத்திலிருந்து விலகியதில் பாதி, மற்றொரு புள்ளியிலிருந்து அதற்குள்ள தூரத்தைத் தாண்டாத இடத்தில் மட்டும் தூரம் கூடாதிருக்கக் கேட்கிறது அது. பூஜ்யத்திலிருந்து 3 வரை உள்ள இடைவெளியில், 3ஐ 1க்கும் மற்ற எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கும் அனுப்புங்கள். 3க்கும் 2.5க்கும் தூரம் அரை. படிமங்களின் தூரம் ஒன்று. நான்எக்ஸ்பான்சிவ் இல்லை, தொடர்ச்சியும் இல்லை. ஆனால் சி நிபந்தனை நிறைவேறுகிறது. அழகான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் நான்எக்ஸ்பான்சிவ் சார்பு ஒவ்வொன்றும் இந்த நிபந்தனைக்குள் அடங்கும். ஆகவே ஆல்ஸ்பாக்கின் சார்பும் அடங்கும். எல்-1இன் வீக் காம்பாக்ட் குவி கணம் ஒவ்வொன்றிலும் சி நிபந்தனைச் சார்புக்கு நிலைப்புள்ளி உண்டு என்று ஒரு தேற்றம் வரவே முடியாது. வகுப்பை விரித்தவர்கள், விரித்த பிறகு எந்த வெளிகளை இழந்தோம், எவற்றைக் காத்தோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். புதிய மறுசெயல் முறை ஒன்றை அமைத்து, முந்தையதை விட விரைவாக ஒடுங்குகிறது என்று ஓர் அட்டவணை போட்டு முடிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. பிழை பத்தாவது தசமம் வரை பூஜ்யம் என்று அட்டவணை காட்டும். ஆல்ஸ்பாக்கின் கணத்திலேயே கிராஸ்னோசெல்ஸ்கியின் சராசரி முறையை ஓட்டிப் பாருங்கள். புள்ளிக்கும் படிமத்துக்கும் உள்ள தூரம் பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். எந்தப் பனாக் வெளியிலும், வரம்புள்ள குவி கணத்தில் அப்படித்தான் என்று 1976இல் இஷிகாவா நிறுவியிருக்கிறார். ஆனால் போய்ச் சேர அங்கே நிலைப்புள்ளியே இல்லை. இல்லாத தீர்வுக்கும் அழகான அட்டவணை கிடைக்கும் என்பதை ஒவ்வொரு ஆய்வு மாணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நம்மூர் ஆய்வில் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் பி. வீரமணி, கிர்க், பி. எஸ். சீனிவாசன் மூவரும் 2003இல், இரண்டு கணங்களுக்கு இடையே மாறி மாறிப் போகும் சார்புகளை எடுத்தார்கள். அந்தச் சார்பு சுருக்கினால் கணங்கள் வெட்டிக்கொண்டே தீரும் என்று காட்டினார்கள். கணங்கள் வெட்டாவிட்டால்? ஆண்டனி எல்டிரெட்டும் வீரமணியும் 2006இல், கணங்களுக்கு இடையே உள்ள மிகக் குறைந்த தூரத்தை எட்டும் புள்ளியைத் தேடினார்கள். அங்கேயும் வெளி சீராகக் குவிந்திருப்பதுதான் வேலையை முடித்துக் கொடுத்தது.

மாடுலர் சார்பு வெளிகளில் உழைப்பவர்கள் இங்கே பலர் வந்திருக்கிறார்கள். கம்சி, கோஸ்லோவ்ஸ்கி, ரெய்ச் மூவரும் 1990இல் திறந்துவிட்ட துறை அது. மாடுலர் அளவில் விரியாத ஒரு சார்பு, நார்ம் அளவில் விரியக்கூடும் என்று அவர்கள் அன்றே எடுத்துக்காட்டு கொடுத்தார்கள். அந்த வேறுபாடு இருப்பதால்தான் துறைக்கே தேவை இருக்கிறது. அதைத் தொடாமல், நார்ம் என்று இருந்த இடத்திலெல்லாம் மாடுலர் என்று மாற்றி எழுதுவதை ஆய்வு என்று நான் ஏற்க மாட்டேன்.

இளையவர்களே, பெரிய கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. ரிஃப்லெக்சிவ் பனாக் வெளி ஒவ்வொன்றிலும், வரம்புள்ள மூடிய குவி கணத்தின் மேல் உள்ள நான்எக்ஸ்பான்சிவ் சார்புக்கு நிலைப்புள்ளி உண்டா என்பது இன்று வரை தெரியாது. எல்-1இன் ரிஃப்லெக்சிவ் உள்வெளிகளில் உண்டு என்று மோரே 1980களின் தொடக்கத்தில் காட்டினார். ரிஃப்லெக்சிவ் அல்லாத உள்வெளிகளில் கிடையாது என்று டவ்லிங்கும் லெனார்டும் 1997இல் முடித்துவைத்தார்கள். 2008இல் பெய்-கீ லின், ரிஃப்லெக்சிவ் அல்லாத ஒரு வெளிக்கும் நார்மை மாற்றியமைத்து இந்தப் பண்பைக் கொடுக்கலாம் என்று காட்டியபோது நம் எண்ணங்களே மாறின. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் காலம் இது. உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வழிகாட்டிகளாக இருக்கும் பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு மாணவரை ஓர் ஆண்டாவது இத்தகைய கேள்வி ஒன்றோடு விட்டுவையுங்கள்.

இந்த அமர்வுகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கட்டுரை படிப்பவர்கள் தங்கள் நிபந்தனையை எழுதியதும், எல்-1இல் அது என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். எண்கோட்டின் மேல் ஓர் எடுத்துக்காட்டோடு நிற்காமல், சார்பு வெளியில் ஒன்றாவது கொண்டுவாருங்கள். சொல்லாதவர்களிடம் மாணவர்கள் தயங்காமல் எழுந்து கேளுங்கள். அமர்வுத் தலைவர்கள் அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.